பிரிக்கும் வீடியோவில் ஒரு நொடி

கரிசல்காட்டாள்:
தீபாவளிக்கு முந்திய வாரம், இணையத்தில் சேலை விற்கும் ஒரு பெண்ணின் நேரலையில் பார்த்துப் பிடித்துப்போன மாம்பழ மஞ்சள் சேலைக்கு 1,450 ரூபாய் அனுப்பினேன். பார்சலைப் பிரிக்கும்போதே எடுத்த வீடியோ இல்லாவிட்டால் மாற்றித் தர மாட்டார்கள் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆகவே கணவர் கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள, முகவரிச் சீட்டைக் காட்டி, உறையை நான்கு பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டு பிளேடால் கிழித்தேன். முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. சரியாக அந்த நேரம் பார்த்து மாமியாரின் அழைப்பு வந்ததால் பதிவு நின்று, இரண்டு துண்டாகிவிட்டது. "வீடியோ கட் ஆகியிருக்கிறது அக்கா, இடையில் என்ன நடந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பதில் வந்தது. அந்தப் பெண் மணிக்கணக்கில் பேசியதையெல்லாம் நான் நம்பினேன். என்னுடைய ஒரு நொடியை அவள் நம்பவில்லை. என் வீட்டுக் கூடத்திலேயே குற்றவாளியைப் போல நின்று பார்சல் பிரித்தது இன்னும் உறுத்துகிறது.

தறிநாடா:
சகோதரி, நான் சேலம் மாவட்டத்தில் சேலை நெய்யும் ஊரான இளம்பிள்ளைப் பக்கத்துக்காரன். 2020 ஊரடங்கில் மொத்தக் கொள்முதல்காரர்கள் வருவது நின்றுபோனதால்தான் கேமரா முன்னால் நிற்கப் பழகினேன். தொடக்கத்தில் நான் யாரிடமும் எந்த வீடியோவும் கேட்டதில்லை. ஒருநாள், "நிறம் வேறு, பிரிக்கவே இல்லை" என்ற குறிப்போடு ஒரு சேலை திரும்பி வந்தது. உறையைத் திறந்ததும் சாம்பிராணி வாசனை. ஓரத்தில் ஃபால்ஸ் தைத்துப் பிரித்த ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தபடி என் மனைவி ஒன்றும் பேசாமல் நின்றாள். மறுநாளே நிபந்தனையை எழுதி ஒட்டிவிட்டோம். நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: வட்ட விளக்கின் வெளிச்சத்தில் மயில்கழுத்து நிறம் ஒருநாளும் உள்ளபடி விழாது, அதை நாங்கள் வாயால் சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை.

நுகர்வோன்:
தறிநாடாவின் வருத்தம் நியாயமானதே. ஆனால் ஒருத்தி ஏமாற்றினாள் என்பதற்காக வருகிறவர்கள் எல்லோரையும் சந்தேகப்படுவது வியாபாரமாகாது. எனக்கும் ஒருமுறை குக்கருக்குப் பதிலாக வேறொரு பாத்திரம் வந்தது. அந்தக் கதை இப்போது வேண்டாம். கரிசல்காட்டாள் செய்ய வேண்டியது இதுதான். நேரலையில் அந்தச் சேலையைக் காட்டிய பகுதியை அவர்கள் நீக்குவதற்குள் திரைப்பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் செலுத்திய விவரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட முடியும். கடைக்காரரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமும் கிடையாது. இணையவழி வணிகத்துக்கென 2020இல் வந்த விதிகள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன. கடைக்காரர் தாமாக எழுதி ஒட்டிய நிபந்தனை சட்டத்துக்கு மேலானதல்ல.

கரிசல்காட்டாள்:
1,450 ரூபாய்க்கு ஆணையமா ஐயா? நான் வழி கேட்டு எழுதவில்லை.

மூன்றாம் கண்:
இரண்டு தரப்பும் வாங்குபவரின் வீடியோவைப் பற்றியே பேசுகிறீர்கள். விற்பவரின் வீடியோவை எடுத்தவன் நான். விமர்சனம் செய்யும் ஒரு சேனலுக்கு ஒளிப்பதிவாளனாகப் போயிருந்தேன். அசல் பட்டா என்று சோதிக்க நூலைக் கொளுத்துவார்கள்: பட்டு என்றால் தலைமுடி கருகும் நாற்றம் அடித்து, சாம்பல் விரலில் பொடியாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். கடை முதலாளி மேசையில் விரித்திருந்த சேலையில் நூல் உருவுவதைப் படம்பிடித்தேன். கேமராவை நெருப்புக்கு அருகே நகர்த்துவதற்குள், சட்டைப் பையிலிருந்து வேறொரு நூலை எடுத்துத் தீக்குச்சியைக் கிழித்தார். என் கண் முன்னால்தான் நடந்தது. சாம்பல் அழகாகப் பொடிந்தது. தொகுப்பாளர் "நீங்களே பாருங்கள்" என்றார். நானும் கூர்மையாகக் குவியம் வைத்துக் கொடுத்தேன். பணம் வாங்கிச் செய்யும் விளம்பரத்தை அப்படியே குறிப்பிட வேண்டும் என்று 2023இல் ஒன்றிய அரசு வழிகாட்டுதல் வெளியிட்ட பிறகு, மூலையில் சிறிய எழுத்தில் ஒரு சொல் போடுகிறார்கள். நூல் மாறியதை அந்தச் சொல் காட்டாது. அன்றிலிருந்து பட்டு வாங்குவதாக இருந்தால் அசல் பட்டு என்பதற்கு அடையாளமான, மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் வில்லையைத்தான் பார்க்கிறேன். "சாஃப்ட் சில்க்" என்ற பெயரை மட்டும் வைத்து அது பட்டு என்று எண்ணிவிடாதீர்கள்.

தறிநாடா:
எங்கள் ஊரில் பெரும்பாலோர் பட்டு என்று சொல்லி விற்பதில்லை. யாரோ ஒருவர் நூல் மாற்றியதற்கு எல்லோரையும் சேர்க்க வேண்டாம். சற்றுமுன் இதையே என்னிடம் நுகர்வோன் சொன்னார்.

திண்ணைவாசி:
என் அம்மாவுக்கு எழுபது வயது. மாலை ஆறு மணி ஆனால் நாடகம் பார்ப்பதுபோல ஒரு பெண்ணின் நேரலையைப் பார்ப்பார், வாங்குவது எப்போதாவதுதான். ஒருநாள் அந்தப் பெண், "அம்மா வந்துட்டீங்களா, சாப்பிட்டாச்சா?" என்று பெயரைச் சொல்லி விசாரித்தாள். அம்மா திரையைப் பார்த்து, "இப்பதாம்மா" என்று பதில் சொன்னார். சென்ற மாதம் அங்கிருந்து வந்த சேலை மடிப்போரம் கிழிந்திருந்தது. புகார் எழுத நான் கைப்பேசியை எடுத்ததும் பிடுங்கிக்கொண்டார். "அந்தப் பொண்ணு அப்படிச் செய்யமாட்டா. கூரியர்காரன்தான் எங்கயாவது மாட்டிக் கிழிச்சிருப்பான்" என்றார். பிறகு அவரே இழையோட்டி உடுத்திக்கொண்டு, அன்று மாலையும் ஆறு மணிக்குத் திரை முன்னால் உட்கார்ந்தார்.