மூன்று முறையும் முதல் சுற்றிலேயே வெளியே: உப்பளப் படத்தில் என்ன குறை?

உப்புக்காற்று எழுதியது:

வணக்கம். தூத்துக்குடியில் இருக்கிறேன். புகைப்படம் எடுக்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே படத்தை மூன்று போட்டிகளுக்கு அனுப்பினேன். மூன்றிலும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. மதிப்பெண் மட்டும் வந்தது: மூன்று நடுவர்கள், மூவரும் ஐந்துக்கு இரண்டு.

படத்தை இணைத்திருக்கிறேன். திறக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம், காலை ஏழு மணி. பாத்தியில் ஓர் அம்மா வாருபலகையால் உப்பை இழுக்கிறார். பின்னால் உப்பு அம்பாரம். நெட்டுவாக்கில் எடுத்த படம். இதற்காக ஆறு நாள் விடியுமுன் எழுந்து போனேன். உப்புநீரில் நின்று நின்று குதிகால் வெடித்ததுதான் மிச்சம்.

இன்னொன்றும் குழப்புகிறது. மூன்றாவது போட்டியில் நடுவர் தேர்வை நேரில் பார்க்க அனுமதித்தார்கள். என் கணினியில் பளிச்சென்று இருக்கும் படம் அங்கே திரையில் சாம்பல் பூசியதுபோல் வந்து நின்றது. மூன்று நொடி இருந்திருக்கும், அடுத்த படம் வந்துவிட்டது. என் கேமராவோடு வந்த சாதாரண லென்ஸ்தான் காரணமா? புதியது வாங்கலாம் என்றால் வீட்டில் சம்மதம் கிடைக்கவில்லை.

பழைய பிலிம்:

தம்பி, வீட்டில் சொன்னதுதான் சரி. லென்ஸ் வாங்க வேண்டாம். முதலில் நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். கேமராவில் வண்ண வெளி, அதாவது கோப்பில் நிறங்களைப் பதியும் முறை, எஸ்ஆர்ஜிபியா, அடோபி ஆர்ஜிபியா? எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதாவது கேமரா கணித்த வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் அமைப்பு, எவ்வளவு வைத்தீர்கள்? எத்தனை பிக்சல் அளவில் அனுப்பினீர்கள்? படத்தின் மேல் பெயர் போட்டிருக்கிறீர்களா?

உப்புக்காற்று:

அடோபி ஆர்ஜிபி, ஐயா. அதில் நிறங்கள் அதிகம் என்று யாரோ சொன்னார்கள். காம்பன்சேஷனைத் தொடவே இல்லை, சுழியில்தான் இருந்தது. 4000க்கு 6000 பிக்சல், கேமராவில் வந்தபடியே அனுப்பினேன். வலது கீழ் மூலையில் என் பெயர் சிறியதாக இருக்கிறது.

பழைய பிலிம்:

பாதி நோய் பிடிபட்டுவிட்டது.

அடோபி ஆர்ஜிபியில் நிறங்களுக்கு இடம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் வண்ண வெளியைப் படிக்கத் தெரியாத மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்தால் நிறமெல்லாம் வெளிறிப்போகும். நீங்கள் அரங்கில் பார்த்த சாம்பலில் ஒரு பங்கு அது. அனுப்பும் பிரதியை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிச் சேமியுங்கள். மூலக் கோப்பு எப்படியும் இருக்கட்டும்.

மறு பங்கு உப்பினால் வந்தது. படச் சட்டத்துக்குள் எதைக் கண்டாலும் கேமராவின் ஒளிமானி அதை நடுத்தரச் சாம்பல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். வெள்ளை அம்பாரத்தைக் காட்டினால் "வெளிச்சம் கூடிவிட்டது" என்று நினைத்துத் தானே குறைத்துவிடும். உப்பு சாம்பலாகும், அந்த அம்மாவின் முகம் கரியாகும். உப்பளம், பனி, வெள்ளை வேட்டிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் இதே கதைதான். காம்பன்சேஷனில் ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டி எடுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது சுவரில் முட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அளவையும் கவனியுங்கள். சலோன் எனப்படும் பன்னாட்டுப் புகைப்படப் போட்டிகள் பலவற்றில் 1920க்கு 1080 பிக்சல்தான் உச்சம். நெட்டுவாக்குப் படத்துக்கு உயரமே 1080தான். 6000 பிக்சலில் நீங்கள் ரசித்த கைரேகையும் உப்புப் பரலும் அங்கே புள்ளியாகிவிடும். நீங்களே அந்த அளவுக்குச் சுருக்கி, இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். நடுவர் பார்ப்பது அதைத்தான்.

பெயரை எடுத்துவிடுங்கள். யார் எடுத்தது என்று தெரியாமல் மதிப்பிடுவதுதான் முறை. பெயர் இருந்தால் பார்க்காமலே தள்ளுகிற போட்டிகள் உண்டு.

நிழற்கிளி:

பழைய பிலிம் ஐயா கோப்பைச் சரிசெய்துவிட்டார். நான் படத்தைப் பற்றிப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. இரண்டு கல்லூரிப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். இருநூறாவது படம் வரும்போது கண் எப்படி இருக்கும் என்பது அங்கே உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

உங்கள் படத்தைத் திறந்ததும் என் கண் அந்த அம்மாவிடம் போகவில்லை. இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் நீல பிளாஸ்டிக் டிரம்மிடம் போனது. வெள்ளையும் பழுப்புமான படத்தில் நீலம் அது ஒன்றுதான். எடுக்கும்போது அது உங்கள் கண்ணில் பட்டிருக்காது, நீங்கள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மூன்று நொடியில் ஒன்றரை நொடியை டிரம் தின்றுவிட்டது.

அடுத்து, தொடுவானம் சரியாக அவர் கழுத்தில் ஓடுகிறது. நீங்கள் நின்றபடி எடுத்திருக்கிறீர்கள், அவர் குனிந்திருக்கிறார். முழங்கால் போட்டு எடுத்திருந்தால் தலை வானத்துக்கு வந்திருக்கும். கழுத்தும் தப்பியிருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாருபலகை தண்ணீருக்குள் முழுக்க மறைந்திருக்கிறது. உங்களுக்கு அது உப்பு வாருவது என்று தெரியும். உப்பளத்தையே பார்க்காத ஒருவருக்கு யாரோ ஒருவர் கம்பை ஊன்றி நிற்பதுபோல் இருக்கிறது. பலகை மேலே வந்து, அதிலிருந்து உப்பு சரிகிற அரை நொடி உண்டு. அதற்குத்தான் காத்திருக்க வேண்டும்.

ஆறு நாள் விடியலும் குதிகால் வெடிப்பும் உங்களுக்குள் இருக்கின்றன, சட்டத்துக்குள் வரவில்லை. படம் தேர்ந்தெடுக்கும்போது நாம் எல்லோரும் சறுக்குகிற இடம் இது. பட்ட பாட்டுக்கு மதிப்பெண் போட்டுவிடுகிறோம். படமே எடுக்காத ஒருவரிடம் காட்டி, மூன்று நொடியில் மூடிவிட்டு, "என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். என் தங்கையிடம் இதைச் செய்துதான் என் படங்களில் பாதியைக் குப்பையில் போட்டேன்.

வேம்பு:

இவ்வளவும் செய்தாலும் ஒன்றும் நடக்காது என்பது என் கருத்து. நடுவர்களுக்கு வேண்டியது சுருக்கம் விழுந்த கிழவர் முகம், வலை வீசும் மீனவர், புகையில் சாய்ந்து விழும் ஒளிக்கதிர். அதை அனுப்பினால் பதக்கம் வீடு தேடி வரும்.

நிழற்கிளி:

வேம்பு சொல்வதில் பாதி உண்மை. மியான்மரின் இன்லே ஏரியில் கூம்புக் கூடையோடு ஒற்றைக்காலில் நிற்கும் மீனவரை எல்லோரும் பார்த்திருப்போம். அங்கே சுற்றுலாக்காரர்களுக்காகக் காசு வாங்கிக்கொண்டு நிற்பவர்களும் உண்டு. ஒரு காலத்தில் அந்தப் படம் பரிசு வாங்கியது. இப்போது திரையில் அது வந்தால் நடுவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். பார்த்ததையே பார்ப்பவர்கள் அவர்கள்தானே. உப்பளம் அவ்வளவு தேய்ந்த பொருளில்லை. அந்த வகையில் தம்பிக்கு அதிர்ஷ்டம்.

உப்புக்காற்று:

அக்கா, உடனே திறந்து பார்த்தேன். டிரம் இருக்கிறது! ஓராண்டாக இந்தப் படத்தைக் கைப்பேசி முகப்பில் வைத்திருக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

இன்னொரு சந்தேகம். அடுத்த போட்டியில் இயற்கைப் பிரிவும் உண்டு. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் மஞ்சள் மூக்கு நாரை, குஞ்சுகளுக்கு மீனைக் கக்கி ஊட்டும் படம் வைத்திருக்கிறேன். குறுக்கே ஒரு குச்சி இருந்தது. மென்பொருளில் அழித்துவிட்டேன், சுவடே தெரியாது. அனுப்பலாமா?

பழைய பிலிம்:

கூடாது, தம்பி. இயற்கைப் பிரிவில் வெட்டிச் சிறிதாக்கலாம், வெளிச்சத்தைச் சீராக்கலாம். இருந்ததை அழிப்பதும் இல்லாததைச் சேர்ப்பதும் விலக்கு. சுவடு தெரியாது என்று நம்ப வேண்டாம். இறுதிச் சுற்றுக்கு வந்தால் ரா கோப்பை, அதாவது கேமரா பதிந்த திருத்தாத மூலத்தை, கேட்பார்கள், குச்சி அங்கே அப்படியே இருக்கும். 2010இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற செய்திப் புகைப்படப் போட்டியில் உக்ரைனியர் ஒருவரின் பரிசு பறிபோனது, பின்னணியில் துருத்திக்கொண்டிருந்த ஒரு பாதத்தின் நுனியை அழித்ததற்காகத்தான். அதே ஆண்டு லண்டனில், வேலி தாண்டும் ஓநாய்ப் படத்துக்குத் தந்த ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படக்காரர் பட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். அது பழக்கிய ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்ததே காரணம்.

குச்சியை விடுங்கள். உங்கள் படத்தில் கூடும் குஞ்சும் இருக்கின்றன. நம் நாட்டு இயற்கைப் போட்டிகள் பலவற்றில் கூட்டுப் படத்துக்கே இடமில்லை. படமெடுக்க ஆட்கள் நெருங்கினால் தாய்ப் பறவை விலகிப்போகும், குஞ்சு வெயிலில் காயும். கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே கூடு கட்டுகின்றன, நீங்கள் தெருவில் நின்று எடுத்திருக்கலாம். அது நடுவருக்குத் தெரியாதே. விதித்தாளை ஒரு முறை முழுதாகப் படியுங்கள்.

உப்புக்காற்று (பதினொரு நாள் கழித்து):

மறுபடி உப்பளம் போனேன். அந்த அம்மாவே இருந்தார், "இன்னும் முடியலையாய்யா உன் படம்?" என்று சிரித்தார். ஒன்றே கால் ஸ்டாப் கூட்டி, முழங்கால் போட்டு எடுத்தேன். பலகையிலிருந்து உப்பு சரிவது நாற்பது படங்களில் இரண்டில்தான் ஒழுங்காக வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனிடம் மூன்று நொடி காட்டினேன். "ஒரு பாட்டி சீனி அள்ளுது" என்றான். பாதி வெற்றி என்று எடுத்துக்கொள்கிறேன்.

விதித்தாளையும் படித்துவிட்டேன். கூட்டுப் படம் கூடாது என்று ஐந்தாவது வரியிலேயே இருக்கிறது. ஆக, இயற்கைப் பிரிவுக்கு நான்கு படம் அனுப்பலாம் என்றால் என்னிடம் மூன்றுதான் தேறுகின்றன. நான்காவதாகச் சுமாரான கொக்குப் படம் ஒன்று இருக்கிறது. சேர்க்கட்டுமா?

பழைய பிலிம்:

ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகத்தான் மதிப்பெண். நான்காவது இல்லையென்றால் மற்ற மூன்றுக்கும் எதுவும் குறையாது. மூன்றையே அனுப்புங்கள், கொக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.