கலைச்சொல்: ரீமேட்ச் – ‘மீள்மோதல்’ சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

ஏற்கெனவே மோதிய இருவர் மீண்டும் மோதுவதைச் சொல்லும் ‘ரீமேட்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இந்த இழையில் இதுவரை மறுஆட்டம், மறுபோட்டி, பழிதீர் ஆட்டம் என்று மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ‘மீள்மோதல்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. காரணத்தை அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை; பல்கலைக்கழக அணிகள் ஆடுவது) வைத்தே சொல்கிறேன். ‘முன்பே மோதி முடிவு கண்ட இரண்டு அணிகளுக்கு, பட்டத்துக்காக இன்னொரு வாய்ப்புத் தரலாமா?’ என்று அங்கே ஊரே இரண்டுபட்டுப் பேசியிருக்கிறது. அந்த வழக்கைத் தமிழில் எழுத முடிகிற சொல்தான் நமக்கு வேண்டும்.

2006 நவம்பர் 18 அன்று கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் மோதின. தரவரிசையில் முதலிடமும் இரண்டாமிடமும் அவர்கள்தான். இருவருமே அதுவரை தோற்றதில்லை. ஒஹாயோ ஸ்டேட் 42–39 என்று வென்றது. மிச்சிகன் தோற்றது மூன்றே புள்ளியில், அதுவும் எதிரியின் மைதானத்தில். ஆகவே தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்தில் இவர்களையே மீண்டும் மோதவிட வேண்டும் என்று மிச்சிகன் தரப்பு கேட்டது. அன்று பட்ட ஆட்டத்துக்கான இரண்டு அணிகளை பி.சி.எஸ். என்ற தரவரிசைப் பட்டியல்தான் தேர்ந்தெடுத்தது; அதில் பெரும்பங்கு வாக்கெடுப்புக்கு. டிசம்பர் தொடக்கத்தில் யு.எஸ்.சி. (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணி) தோற்று விலக, இரண்டாம் இடத்துக்கு மிச்சிகனும் ஃபுளோரிடாவும் மிஞ்சின. வாக்காளர்கள் ஃபுளோரிடாவை மேலே தூக்கினார்கள். ‘மிச்சிகனுக்கு வாய்ப்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டது’ என்பதே அன்று பரவலாகச் சொல்லப்பட்ட நியாயம். பட்ட ஆட்டத்தில் ஃபுளோரிடா 41–14 என்று ஒஹாயோ ஸ்டேட்டை நொறுக்கியது. மிச்சிகனோ ரோஸ் பவுல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் யு.எஸ்.சி.யிடம் 32–18 என்று தோற்றது.

ஐந்து ஆண்டு கழித்து அதே முறை நேர்மாறான தீர்ப்பைச் சொன்னது. 2011 நவம்பர் 5, டஸ்கலூசா. எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 9, அலபாமா 6, அதுவும் கூடுதல் நேரத்தில். பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் டச்டவுன் ஒன்றுகூட இல்லை, எல்லாமே கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோல். அலபாமா தன் சொந்த மைதானத்தில் தோற்றது. தன் கூட்டமைப்பில் தன் பிரிவில்கூட முதலிடம் பெறவில்லை. மறுபக்கம் ஓக்லஹோமா ஸ்டேட் தன் கூட்டமைப்பான பிக் 12இன் பட்டத்தை வென்றிருந்தது. அதன் ஒரே தோல்வி அயோவா ஸ்டேட்டிடம், இரண்டு கூடுதல் நேரம் ஓடி 37–31. அந்த ஆட்டத்துக்கு முந்தைய நாள் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் கர்ட் பட்கி விமான விபத்தில் இறந்திருந்தார். இரண்டு வாக்கெடுப்புகளையும் கணினிக் கணக்கையும் சேர்த்து வந்த பி.சி.எஸ். பட்டியலில் அலபாமா மயிரிழையில் முந்தியது. 2012 ஜனவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த பட்ட ஆட்டத்தில் அலபாமா எல்.எஸ்.யூ.வை 21–0 என்று வென்றது. எல்.எஸ்.யூ. நடுக்கோட்டைத் தாண்டியது ஒரே ஒரு முறை.

அன்று அலபாமாதான் சிறந்த அணி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆளுக்கொரு வெற்றி என்று கணக்கு நிற்கும்போது, இரண்டாவது வெற்றிக்கு மட்டும் பட்டம் ஏன்? நவம்பரில் எல்.எஸ்.யூ. வென்றது எங்கே போனது? இந்தக் கேள்வியைத் தாங்குகிற சொல் எது என்று பார்க்க வேண்டும்.

‘மறு’ இங்கே உதவாது. மறுவாக்குப்பதிவு என்றால் முதல் வாக்குப்பதிவு செல்லாது. மறுதேர்வு என்றால் பெரும்பாலும் பழைய தேர்வு ரத்து. மறுமணம், மறுநாள் எல்லாம் இப்படி இல்லை, உண்மைதான். ஆனால் போட்டி, தேர்வு, தேர்தல் என்று வரும்போது நம் காது ‘பழையது கழிந்தது’ என்றே எடுத்துக்கொள்கிறது. ‘எல்.எஸ்.யூ.–அலபாமா மறுஆட்டம்’ என்று எழுதினால், நவம்பர் ஆட்டத்தில் ஏதோ தவறு நடந்து திரும்ப ஆட வைத்தார்கள் என்று ஒருவர் புரிந்துகொள்வார். ‘மறுஆட்டம்’ ரீப்ளேவுக்குச் சரியாகப் பொருந்தும். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் சமனில் முடிந்தால் வேறொரு நாள் திரும்ப ஆடுவார்களே, அதற்கு. அந்த வழக்கமே 2024–25 பருவத்தோடு முதன்மைச் சுற்றுகளிலிருந்து போய்விட்டது, ஆனாலும் பழைய செய்திகளை எழுதச் சொல் வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இரண்டும் கெடும்.

பழிதீர் ஆட்டம் தலைப்புச் செய்திக்கு நன்றாக இருக்கும். ஆனால் அது தோற்றவர் பக்கம் நின்று பேசுகிறது; வென்ற எல்.எஸ்.யூ.வுக்குத் தீர்க்க என்ன பழி இருந்தது? கலைச்சொல் கட்சி சேரக்கூடாது.

‘மீள்’ என்பதில் முதலாவது அழிவதில்லை. மீள்பார்வை செய்தால் முதலில் படித்தது வீணாவதில்லை, மீள்பதிப்பு வந்தால் முதற்பதிப்பு செல்லாததாவதில்லை. இலங்கை நண்பர்களுக்கு மீள்பரிசீலனை, மீள்குடியேற்றம் எல்லாம் அன்றாட வழக்கு என்பதால் அவர்களுக்கும் இது அந்நியமாகத் தோன்றாது. ‘மோதல்’ நம் விளையாட்டுப் பக்கங்களில் ஏற்கெனவே புழங்குகிறது. சதுரங்கத்துக்கும் பொருந்தும்: 2013இல் சென்னையில் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்த ஆனந்த், 2014இல் சோச்சியில் அவருடன் ஆடியது மீள்மோதல்தான்.

நாள் + மீன் நாண்மீன் ஆவதுபோல இது ‘மீண்மோதல்’ ஆக வேண்டாமா என்று ஒருவர் கேட்கலாம். மீள்மதிப்பீடு என்று பிரித்தே எழுதிப் பழகிவிட்டோம், அதே வழியில் விட்டுவிடலாம்.

சரி, மீள்மோதலுக்குத் தகுதி உண்டா என்ற மூலக் கேள்விக்கும் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வரையறை எழுத அது உதவும். ஆடி எட்டினால் தகுதி உண்டு; வாக்குப் போட்டுக் கொடுத்தால் இல்லை. சாம்பியனுடன் மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் தொடரை வென்றுதான் ஆனந்த் சோச்சிக்குப் போனார். கல்லூரிக் கால்பந்தில் ஜார்ஜியா 2021 டிசம்பரில் அலபாமாவிடம் 41–24 என்று தோற்றது. அப்புறம் அரையிறுதியில் மிச்சிகனை 34–11 என்று வென்று வந்து, இறுதியில் அதே அலபாமாவை 33–18 என்று வீழ்த்தியது. பி.சி.எஸ்.ஸுக்குப் பதிலாக வந்த நான்கு அணி பிளே-ஆஃபில் (தோற்றவர் வெளியேறும் பட்டச் சுற்று) ஜார்ஜியாவுக்கு இடம் தந்தது ஒரு தேர்வுக் குழுதான், ஆனால் இறுதி ஆட்டத்துக்கு அந்த அணி ஆடித்தான் வந்தது. அதனால் 2011இன் கசப்பு அங்கே இல்லை. பிளே-ஆஃப் 12 அணிகளாக விரிந்த பிறகு இது இன்னும் சாதாரணமாகிவிட்டது. 2024 அக்டோபரில் ஒரிகானிடம் 32–31 என்று தோற்ற ஒஹாயோ ஸ்டேட், 2025 புத்தாண்டு நாளில் காலிறுதியில் அதே அணியை 41–21 என்று வென்று, பட்டத்தையும் கைப்பற்றியது.

ஆக, அகராதிக்கு என் வரைவு இது:

மீள்மோதல் (பெ.): ஏற்கெனவே மோதி முடிவு கண்ட இரு தரப்பினர், அந்த முடிவு செல்லுபடியாக இருக்கும்போதே மீண்டும் மோதுவது. எ-டு: 2006இல் மிச்சிகனுக்கு மீள்மோதல் வாய்ப்பு மறுக்கப்பட்டது.

வினையாக எழுதும்போது ‘மீள்மோதினர்’ என்று ஒட்டவைப்பதைவிட ‘மீண்டும் மோதினர்’ என்றே விட்டுவிடலாம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இதே இழையில் எழுதுங்கள். கல்லூரிக் கால்பந்தில் வரும் ‘கான்ஃபரன்ஸ்’ என்பதைச் சிலர் ‘மாநாடு’ என்று பெயர்த்திருக்கிறார்கள், அது இந்த இடத்தில் பெரும் பிழை. அணிகளின் நிரந்தரக் கூட்டமைப்பைக் குறிக்கும் சொல் அது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.