ரியோஆன்ஜியில் 15 கல்லும் தெரியுமா?

மலைப்பாதை:
பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் கொஞ்சம் பார்த்து எழுதுங்கள். ஜப்பானில் கியோட்டோ ரியோஆன்ஜி கோயில் திண்ணையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே அங்குள்ள கல் தோட்டத்தின் 15 கல்லையும் எண்ணிவிட்டதாக நேற்று நாடோடி எழுதியிருக்கிறார். எண்ண முடியாது. அந்தத் திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது இன்னொன்றின் பின்னால் மறைந்துகொள்ளும். தோட்டத்துக்குப் புகழே அதனால்தான்.

நாடோடி:
15 எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன். நேரில் பார்த்தவன் சொல்வதைவிட உங்கள் புத்தகம் பெரிதா?

மலைப்பாதை:
புத்தகம் யார் சொன்னது? மூன்று முறை போயிருக்கிறேன். காலை 8 மணிக்குத் திறந்ததும் நுழைந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்ந்து நகர்ந்து எண்ணினேன். கற்கள் கிடப்பது ஐந்து கூட்டமாக, இடமிருந்து வலமாக 5, 2, 3, 2, 3. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால் மறைந்த கல் வரும், வேறொன்று போய்விடும். 14-தான்.

செவ்வந்தி:
எண்ணுவதற்கா அவ்வளவு தூரம் போனீர்கள்? 25 மீட்டர் நீளத்துக்கு வெறும் வெள்ளைச் சரளை, அதில் வாரியால் இழுத்த கோடுகள். நான் பார்த்துக்கொண்டே இருந்தது பின்னாலிருக்கும் மண் மதிலைத்தான். எண்ணெய் கலந்த மண், அது கசிந்து கசிந்து பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாய்ப் படிந்திருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரி உண்டா உங்கள் இருவரிடமும்?

நாடோடி:
மதில் அப்புறம், அம்மா. நான் எழுந்து நின்று பார்த்தேன். 15.

மலைப்பாதை:
நேற்று உட்கார்ந்திருந்தீர்கள், இன்றைக்கு எழுந்துவிட்டீர்களா? போன வருடமும் இதே கதைதான். கின்காகுஜி பொன் மண்டபம் 600 வருடமாக அப்படியே நிற்கிறது என்றீர்கள். 1950-இல் எரிந்து 1955-இல் திரும்பக் கட்டியது என்று நான் சொன்னேன். ஒரு 'சரி' வரவில்லை உங்களிடமிருந்து.

நாடோடி:
அந்தப் பழைய கணக்கை இன்னும் சுமக்கிறீர்களா? புத்தர் கோயிலில் கைதட்டிக் கும்பிட்ட ஆள்தானே நீங்கள்!

மலைப்பாதை:
பொய். நான் தட்டியது புஷிமி இனாரியில். அது ஷின்டோ கோயில், ஜப்பானின் சொந்த மதத்துக் கோயில். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை தட்டி, மறுபடி ஒரு முறை குனிவதுதான் அங்கே முறை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் கல் எண்ணக் கிளம்பிவிட்டார்.

கடலோடி:
இனாரியில் மலை உச்சிவரை ஏறினீர்களா அண்ணா? சிவப்பு வாசல் வரிசையில் படம் எடுத்துக்கொண்டு பாதியிலேயே திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

மலைப்பாதை:
233 மீட்டரும் ஏறினேன் தம்பி. மேலே போகப் போகக் கூட்டம் குறைந்து, கல் நரிகள்தான் துணை. ஆனால் இப்போது பேச்சு அதுவல்ல. 14.

நாடோடி:
15. படம் இருக்கிறது, தேடிப் போடுகிறேன்.

மலைப்பாதை:
போடுங்கள். இடது ஓரத்தில் ஐந்தும் தெரிகிறதா என்று முதலில் நீங்களே எண்ணிவிட்டுப் போடுங்கள்.