ஏ.டி.பி.எல். என்பதைத் ‘தலைமை விமானி உரிமம்’ என்னலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

விமானத்துறைச் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பட்டியலுக்கு வந்த யோசனைகளுக்கு என் பதில் இது. ஏ.டி.பி.எல். என்பது ஏர்லைன் டிரான்ஸ்போர்ட் பைலட் லைசென்ஸ்.

> ஏ.டி.பி.எல். = தலைமை விமானி உரிமம். இதைப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

சேர்ப்பதற்கு முன் சற்றுப் பொறுக்க வேண்டுகிறேன். என் அக்கா மகள் போன ஆண்டு சி.பி.எல். (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், ஊதியத்துக்குப் பறக்கும் உரிமம்) வாங்கினாள். அன்றிலிருந்தே சொந்தக்காரர்கள் அவளைக் ‘கேப்டன்’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அவள்தான் என்னை உட்கார வைத்து விளக்கினாள்: உரிமம் வேறு, தகுதி வேறு, பதவி வேறு. நம் பட்டியலில் மூன்றும் கலந்து கிடக்கின்றன.

உரிமம் அரசு தருவது. இந்தியாவில் 16 வயதில் மாணவ விமானி உரிமம் கிடைக்கும். 17 வயதும் 40 மணி நேரப் பறப்பும் இருந்தால் பி.பி.எல். (பிரைவேட் பைலட் லைசென்ஸ்), 18 வயதும் 200 மணி நேரமும் இருந்தால் சி.பி.எல்., 21 வயதும் 1500 மணி நேரமும் இருந்தால் ஏ.டி.பி.எல். ஒவ்வொன்றுக்கும் தேர்வும் மருத்துவச் சோதனையும் உண்டு. இந்த வரிசையில் கேப்டன் எங்கும் வரவில்லை. அது விமான நிறுவனம் தரும் பதவி. ஏ.டி.பி.எல். வாங்கிய பிறகும் துணை விமானியாகவே பறப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2009இல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் விமான விபத்துக்குப் பின் சட்டம் மாறியது; 2013 முதல் அங்கே பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் இதே உரிமம் வேண்டும். ‘தலைமை விமானி உரிமம்’ என்று வைத்தால், துணை விமானியிடமும் தலைமை விமானி உரிமம் இருக்கிறது என்று எழுத வேண்டி வரும். ஆகவே உரிமத்துக்கு ‘வான்சேவை விமானி உரிமம்’ என்றும், பதவிக்கு மட்டும் ‘தலைமை விமானி’ என்றும் வைக்கலாம் என்பது என் கருத்து.

> பி.பி.எல். = தனியார் விமானி உரிமம்

தனியார் பள்ளி, தனியார் பேருந்து என்று பழகிய காதுக்கு இது தனியார் நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் விமானி என்றுதான் கேட்கும். உண்மை நேர்மாறு. இந்த உரிமத்தை வைத்துக்கொண்டு கூலிக்குப் பறக்கக் கூடாது. ‘தற்பயன் விமானி உரிமம்’ என்றால் பொருள் சரியாக உட்காருகிறது. அதற்கு இணையாகச் சி.பி.எல்.லுக்குத் ‘தொழில்முறை விமானி உரிமம்’. ‘வணிக’ என்றால் சரக்கு விற்பனை நினைவு வருகிறது. இங்கே கேள்வி ஊதியம் வாங்கலாமா என்பதே.

தகுதி என்பது உரிமத்தின் மேல் ஏற்றப்படுவது. ஏர்பஸ் ஏ320 ஓட்டுபவர் அதற்கெனத் தனியாகப் பயின்று தேறாமல் போயிங் 737ஐ ஓட்ட முடியாது. ஆங்கிலத்தில் ‘டைப் ரேட்டிங்’ எனப்படும் இதற்கு ‘வகைத்தகுதி’ போதும். ‘ரேட்டிங்’ என்பதற்காக ‘மதிப்பீடு’ வேண்டவே வேண்டாம்.

> விமானி வடசொல். புறநானூற்று ‘வலவன்’ இருக்கிறதே?

27ஆம் பாட்டின் ‘வலவன் ஏவா வான ஊர்தி’யை (ஓட்டுபவன் செலுத்தாமலே செல்லும் வான ஊர்தி) எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும். ஆனாலும் ‘விமானி’ செய்தித்தாளிலும் வீட்டிலும் வேரூன்றிய சொல். உரிமப் பெயர்களில் அதை மாற்றினால் யாரும் பின்பற்ற மாட்டார்கள். வலவனுக்கு வேறோர் இடம் காலியாக இருக்கிறது. ஒரு பறப்பில் இறுதிப் பொறுப்பு யாருடையதோ, ஆங்கிலத்தில் ‘பைலட் இன் கமாண்ட்’ எனப்படும் அவரைக் குறிக்க நம்மிடம் சொல் இல்லை. ‘தலைமை விமானி’ பொருந்தாது. சிறிய செஸ்னா விமானத்தில் தனியே பறப்பவருக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. ‘பொறுப்பு விமானி’ என்றால், பொறுப்புத் துணைவேந்தர் என்பதைப் போலத் தற்காலிகமாக அமர்த்தப்பட்டவர் என்று ஆகிவிடும். ‘பறப்பு வலவர்’ என்று சொல்லிப் பாருங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருக்கிறது.

ஒரு தடை எனக்கே தெரிகிறது. வலவன் தேரைத் தன் கையால் ஓட்டுபவன். விமானத்திலோ துணை விமானி ஓட்டிக்கொண்டிருக்கும்போதும் பொறுப்பு தலைமை விமானியிடமே இருக்கும். ‘ஏவுதல்’ என்பதற்குச் செலுத்துதல், கட்டளையிடுதல் என இரு பொருளும் உண்டு என்பதால் இது தாங்கும் என்று நினைக்கிறேன். இலக்கணம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். பறந்த நேரங்களைக் குறித்துவைக்கும் அக்கா மகளின் பறப்பேட்டில், இறுதிப் பொறுப்பேற்றுப் பறந்த நேரத்துக்கான பத்தியில் மட்டும் 100 மணி நேரத்துக்கு மேல் பதிவாகியிருக்கிறது. அந்தப் பத்திக்குத் தமிழில் என்ன தலைப்பு எழுதுவது என்று கேட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை.