ஹெல்மெட் போட்டா நெத்தி வலிக்குது, பெரிய சைஸ் வாங்கலாமா?

திருமங்கலத்துக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். தினமும் திருமங்கலத்துல இருந்து மாட்டுத்தாவணி பக்கம் வேலைக்கு வந்து போறேன், வண்டி ஸ்ப்ளெண்டர். போன மாசம் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் ஒன்னு வாங்குனேன், எல் சைஸ், ஐஎஸ்ஐ முத்திரை இருக்கு. கடையில போட்டுப் பாத்தப்ப ஒன்னும் தெரியல, ஆனா திருநகர் தாண்டுறதுக்குள்ள நெத்தி நடுவுல விண்ணு விண்ணுனு தெறிக்க ஆரம்பிச்சுருது, பெரியார் பஸ் ஸ்டாண்ட் வர்றப்ப கழட்டி டேங்க் மேல வச்சுரலாமான்னு இருக்கு. கழட்டிப் பாத்தா நெத்தியில செவப்பா தடம் விழுந்துருக்கு. அதே நேரம் காதுக்கு மேல ரெண்டு பக்கமும் விரல் போற அளவுக்கு எடம் கெடக்கு. கூட வேலை பாக்குறவரு எக்ஸ்எல் வாங்குங்குறாரு, இன்னொருத்தரு உள்ள இருக்குற தெர்மாகோல ஸ்பூன வச்சு அமுக்கிவிட்டா சரியாயிரும்ங்குறாரு. நான் கண்ணாடி வேற போடுறேன். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைகைக்கரை:

தம்பி, மொதல்ல அந்த தெர்மாகோல்ல கைய வச்சுராதீங்க. கீழ விழுந்தா அது நசுங்கித்தான் அடியோட வேகத்த வாங்கிக்கும், ஒரு தடவ நசுங்குனது திரும்ப எந்திரிக்காது. நீங்களே அமுக்கி வச்சா நெத்திக்கு நேரா இருக்குற பாதுகாப்பு அங்கனயே போச்சு.

எக்ஸ்எல்லும் வேணாம். முன்னாடி வலிக்குது, பக்கத்துல எடம் கெடக்குன்னா அது சைஸ் பிரச்சனையே இல்ல, உங்க தலையோட வடிவம் வேற, அந்த ஹெல்மெட்டோட வடிவம் வேற. உங்களுக்கு தல முன்னுக்கும் பின்னுக்கும் நீளமா இருக்கும், ஹெல்மெட்டு உள்பக்கம் உருண்டையா இருக்கும். இதுக்கே நேர்மாறா சில பேருக்கு பொட்டுப்பக்கம் ரெண்டும் இறுக்கி நெத்தியில காத்தாடும், அவங்க தல உருண்டை. எக்ஸ்எல் போட்டா நெத்தி வலி கொஞ்சம் கொறையலாம், ஆனா பக்கவாட்டுல இன்னும் லூசாகி நத்தம் ரோட்டு பறக்கும் பாலத்துல காத்தடிக்கிறப்ப தலையில சுத்தும், விழுந்தீங்கன்னா தலைய விட்டுட்டு ஹெல்மெட்டு மட்டும் தனியா உருண்டு போகும். வேற கம்பெனி, வேற மாடல்தான் பாக்கணும். கடையில ரெண்டு மூனு ஹெல்மெட்ட கவுத்து வச்சு உள்பக்கத்த பாருங்க, எது நீள்வட்டமா இருக்கு எது உருண்டையா இருக்குன்னு கண்ணுக்கே தெரியும்.

போறதுக்கு முன்னாடி டெய்லர் டேப்ப எடுத்து புருவத்துக்கு ஒரு இன்ச் மேல வச்சு, பின்மண்டையில எங்க ரொம்ப பொடச்சுருக்கோ அது வழியா சுத்தி அளந்துக்கங்க. சென்டிமீட்டர்ல எழுதி வச்சுக்கங்க, ஏன்னா ஒரு கம்பெனியோட மீடியம் இன்னொரு கம்பெனிக்கு லார்ஜ். ஹெல்மெட்டு ஸ்டிக்கர்ல 580 மிமீ, 600 மிமீன்னு போட்டுருக்கும், அந்த நம்பரத்தான் நம்பணும், எழுத்த இல்ல.

போட்டதும் கன்னத்த நல்லா அமுக்கணும், புதுசுல அப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்ட அந்த பஞ்சு கொஞ்சம் படிஞ்சு கொடுக்கும். கையால ஹெல்மெட்ட புடிச்சு அங்கிட்டும் இங்கிட்டும் திருப்புனா நெத்தித் தோலும் கூடவே இழுபடணும், ஹெல்மெட்டு மட்டும் தனியா வழுக்குனா பெருசுன்னு அர்த்தம். அப்பறம் தாடைக்குக் கீழ மாட்டுற பட்டைய மாட்டிக்கிட்டு, பின்னாடி அடி விளிம்ப புடிச்சு மேல முன்னால தள்ளிப் பாருங்க, கழண்டு வந்தா அத அப்பவே வச்சுருங்க. கடைசியா முக்கியமானது, போட்டபடியே கடையில 15, 20 நிமிஷம் உக்காருங்க. கடைக்காரரு ஒரு மாதிரி பாப்பாரு, பாத்துட்டுப் போகட்டும். உங்களுக்கு வலி தெரியுறதே கொஞ்ச நேரம் கழிச்சுத்தான, கண்ணாடி முன்னாடி நின்னு போட்டுக் கழட்டுனா எப்படித் தெரியும். தல முழுக்க ஒரே மாதிரி இறுக்கமா இருந்தா வாங்கலாம், ஒரே எடத்துல மட்டும் குத்துனா எத்தன மாசம் போனாலும் குத்தத்தான் செய்யும்.

தெப்பக்குளத்துப் பொண்ணு:

அண்ணா, கண்ணாடி போடுறவங்க ஹெல்மெட்ட மாட்டிட்டு அப்பறம் கண்ணாடிய பக்கவாட்டுல நுழைக்கணும், காதுக்கு மேல அந்தக் கம்பி நேரா மெல்லிசா இருந்தா ஒன்னும் தெரியாது. வாங்கப் போறப்ப கண்ணாடியோட போங்க. உள்ள துணிக் குல்லா போடுற பழக்கம் இருந்தா அதையும் போட்டுக்கிட்டே பாருங்க, அது ஒன்னே இறுக்கத்த மாத்திரும்.

இத படிக்கிற பொண்ணுங்களுக்கும் ஒன்னு சொல்றேன், கொண்டை, பெரிய கிளிப் எதையும் வச்சுக்கிட்டு ஹெல்மெட் போடாதீங்க, பின்பக்கம் தூக்கி முன்னாடி நெத்தியில எறங்கி உக்காரும், வலிக்கும், ஹெல்மெட்டும் சரியா நிக்காது. நான் பின்னல கழுத்துக்கிட்ட தாழ்வா போட்டுக்குவேன், மல்லிகைப்பூவ ஹெல்மெட் விளிம்புக்கு கீழ வர்ற மாதிரி குத்திக்குவேன், நசுங்காது. உள்துணி கழட்டுற மாதிரி இருக்கான்னு கேட்டு வாங்குங்க, நம்ம ஊரு வேர்வைக்கும் தலைக்கு வைக்கிற எண்ணெய்க்கும் அத ஷாம்பு போட்டு அலசி நெழல்ல காயப்போட்டே ஆகணும்.

மேலூர் மைனர்:

சித்திர வெயில்ல ஃபுல் ஃபேஸ் போட்டுக்கிட்டு கோரிப்பாளையம் சிக்னல்ல நிக்கிறதெல்லாம் முடியாது பாஸ். பாதி மூஞ்சி தெறந்த மாடல் வாங்கிட்டுப் போங்க, வலியும் இல்ல வேக்காடும் இல்ல.

வைகைக்கரை:

மேலூர் தம்பி, வேக்காடு உண்மதான், ஆனா குப்புற விழுந்தா மொதல்ல ரோட்டுல படுறது தாடைதான், அதுக்கு அதுல ஒன்னுமே இல்ல. சிக்னல்ல நிக்கிறப்ப வைசர தூக்கி விட்டுக்கலாம். வெள்ளை மாதிரி வெளிர் கலரு, நெத்தியிலயும் பின்னாடியும் காத்து போற ஓட்டை இருக்குற மாடலா பாத்தா ஓடுற வண்டியில சமாளிக்கலாம். நெத்தி வலிக்குக்கூட அதுல தீர்வு இல்ல, உள்ளக்குள்ள உருண்டையா இருந்தா தெறந்த மாடலும் அதே எடத்துலதான் வலிக்கும்.

உசிலம்பட்டியான்:

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில வேல பாக்குறேன், ரெண்டு விசயம் மட்டும் சொல்லிக்கிறேன். ஐஎஸ்ஐ இல்லாத ஹெல்மெட் விக்கவே கூடாதுன்னு 2021 ஜூன்ல இருந்து சட்டம் இருக்கு, இருந்தும் ரோட்டோரம் வெறும் ஸ்டிக்கர ஒட்டி விக்கிறாய்ங்க. முத்திரைக்கு மேல ஐஎஸ் 4151ன்னு ஹெல்மெட்டுக்கான தர நம்பர் இருக்கணும், கீழ சிஎம்/எல்னு ஆரம்பிச்சு ஒரு நம்பர் இருக்கணும், அந்த நம்பர, முத்திரை குடுக்குற அரசு அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா எந்த கம்பெனி லைசென்ஸ்னு காட்டிரும். ஆயிரம் ரூவா அபராதத்துக்குப் பயந்து ஏதோ ஒன்னத் தலையில கவுத்துக்கிட்டுப் போறவங்களுக்கு இது புரியவே மாட்டேங்குது.

இன்னொன்னு பட்டை. மாட்டுன பெறகு தாடைக்கும் பட்டைக்கும் நடுவுல ஒரு விரல், மிஞ்சிப்போனா ரெண்டு விரல் போகணும், அம்புட்டுதேன். பட்டைய தொங்கவிட்டுக்கிட்டுப் போனா என்ன வெலைக்கு வாங்கியும் பிரயோசனம் இல்ல.

திருமங்கலத்துக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை போய் அளந்தேன், 58 வந்துச்சு, கவுத்து வச்சுப் பாத்தப்ப என்னோடது நெசமாவே வட்டமாத்தான் இருந்துச்சு. வேற கம்பெனில 580 மிமீ ஒன்னு போட்டுக்கிட்டு கடையிலயே உக்காந்தேன், கன்னத்துல நல்ல இறுக்கம், நெத்தியில தடமே விழல, அதையே வாங்கிட்டேன். பழசு இன்னும் புதுசா இருக்கு, எங்கயும் விழல, தம்பிக்கு குடுக்கலாமா?

வைகைக்கரை:

அவரு தலைய அளந்து, போட்டு உக்கார வச்சுப் பாருங்க. வலிக்கலன்னா தாராளமா குடுங்க.