புதுப்பிப்பு: செவி நரம்புக் கட்டி, ஆறு மாத ஸ்கேன் முடிவு

முன்பு எழுதியதைப் படிக்காதவர்களுக்கு: இடது காதில் இரைச்சல், கேட்கும் திறனும் குறைவு. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் 9 மி.மீ. வெஸ்டிபுலர் ஷ்வானோமா (காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் வரும் கட்டி) தெரிந்தது. புற்றுநோய் அல்ல. அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா, ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதா என்று உங்களிடம் கேட்டிருந்தேன். கண்காணிப்பையே தேர்ந்தெடுத்தேன்.

நேற்று ரிப்போர்ட் வந்தது. 10 மி.மீ. என்று படித்ததும் கை நடுங்கிவிட்டது. மருத்துவர் இரண்டு ஸ்கேனையும் திரையில் அருகருகே வைத்து விளக்கினார். எம்.ஆர்.ஐ. படம் அடுக்கடுக்காக எடுக்கப்படுவது; எந்த அடுக்கில், எந்தக் கோணத்தில் அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே 1 மி.மீ. முன்பின் ஆகிவிடுமாம். பொதுவாக 2 மி.மீ.க்கு மேல் கூடினால்தான் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

அவர் சொன்ன இன்னொன்றை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய ஸ்கேனைப் போன தடவை எடுத்ததோடு மட்டும் ஒப்பிட்டால் மெதுவான வளர்ச்சி கண்ணுக்குத் தப்பிவிடும். முதல் ஸ்கேனோடும் ஒப்பிடச் சொல்லிக் கேளுங்கள். பழைய சி.டி.யைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இந்த முறை காடோலினியம் ஊசி (ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரியப் போடும் மருந்து) போடவில்லை. அது இல்லாமலே எடுக்கும் நுண்ணிய டி2 வகை எம்.ஆர்.ஐ. படங்களே கண்காணிப்புக்குப் போதும் என்றார்கள்.

வருத்தம் ஒன்றுதான்: கட்டி அப்படியே இருந்தும் ஆடியோகிராமில் (செவிப் பரிசோதனையில்) கேட்கும் திறன் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வளராத கட்டியிலும் இப்படி நடக்குமாம். அதனால் ஸ்கேனோடு செவிப் பரிசோதனையும் சேர்த்தே செய்யப் போகிறோம். திடீரென்று காது மந்தமானால் அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்காமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஸ்கேன் ஓராண்டு கழித்து. முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.