டெக்சாஸில் போலீஸ் வண்டியை நிறுத்தினால், துப்பாக்கி இருப்பதை நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டுமா?

கேட்டி_கடைக்காரர்:

வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் குடும்பத்தோடு இருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாகிவிட்டது. சொந்தமாக ஒரு கேஸ் ஸ்டேஷன் நடத்துகிறேன். ராத்திரி கடையை அடைத்துவிட்டுக் கல்லாப் பணத்தோடு தனியாக வண்டி ஓட்டி வருவதால், எல்.டி.சி. (டெக்சாஸ் கைத்துப்பாக்கி லைசென்ஸ்) எடுத்து முறைப்படி வைத்திருக்கிறேன்.

போன வாரம் பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று ஒரு ட்ரூப்பர் (மாநிலப் போலீஸ்காரர்) நிறுத்தினார். டிரைவர் லைசென்ஸோடு எல்.டி.சி. அட்டையையும் சேர்த்து நீட்டினேன். வாயால் எதுவும் சொல்லவில்லை. அட்டையைப் பார்த்தவர், "இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். வலது இடுப்பில் என்றேன். "சரி, கையை ஸ்டியரிங்கை விட்டு எடுக்காதீர்கள்" என்றார். எச்சரிக்கைச் சீட்டு கொடுத்து அனுப்பிவிட்டார்.

அதோடு முடிந்தது என்றாலும் வீட்டில் பேச்சு ஓயவில்லை. கண்ணாடியை இறக்கிய உடனே சொல்லியிருக்க வேண்டும் என்கிறாள் மனைவி. துப்பாக்கி பழகும் ரேஞ்சில் ஒரு நண்பர், "கேட்காத கேள்விக்குப் பதில் எதற்கு?" என்கிறார். எது சரி? இன்னொன்று: மச்சினி பேட்டன் ரூஜில் இருக்கிறாள், அடிக்கடி காரில் போய்வருவோம். லூசியானாவில் என்ன விதி?

கடையில் இல்லாத நேரம் துப்பாக்கியைக் காரின் கிளவ் பாக்ஸில் பூட்டி வைப்பேன். மனைவியும், இங்கே படிக்க வந்திருக்கும் அண்ணன் மகனும் அதே காரை எடுப்பார்கள். அதில் ஏதாவது சிக்கல் உண்டா?

டல்லாஸ்_குமார்:

கேட்டா சொல்லுங்க, கேட்கலைன்னா சொல்லாதீங்க. அவ்வளவுதான். 2021 செப்டம்பர் 1-லேருந்து டெக்சாஸ்ல தகுதி உள்ளவங்க லைசென்ஸே இல்லாம வெச்சிருக்கலாம். அவங்களுக்குச் சொல்லணும்னு எந்தக் கடமையும் கிடையாது. அப்ப காசு கட்டி, வகுப்புக்குப் போய், கைரேகை கொடுத்து லைசென்ஸ் எடுத்தவங்க மட்டும் ஏன் பயந்து பயந்து சொல்லணும்?

மினசோட்டாவில் 2016-ல ஃபிலாண்டோ காஸ்டில் என்ன ஆனார்னு எல்லாருக்கும் தெரியும். மரியாதையா, தானாவே சொன்னார். சுட்டுட்டாங்க. எனக்கு அதுக்கு மேல வேற பாடம் வேண்டாம்.

இரவு_ஷிஃப்ட்_அக்கா:

நான் டெக்சாஸில் ஒரு கவுன்டியில் 911 டிஸ்பாட்சர், அவசர அழைப்புகளை வாங்கி ரேடியோவில் போலீஸோடு பேசுகிற வேலை. வக்கீல் இல்லை. ஆனால் சாலையோரம் நிற்கும் அதிகாரியின் குரலை ராத்திரி முழுக்கக் காதில் வாங்கிக்கொண்டிருப்பவள். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் சட்டம். குமார் சொன்னதில் பாதி சரி. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பவருக்கு டெக்சாஸில் தானாகச் சொல்லும் கடமை இல்லை. கேட்டி சாருக்கு உண்டு. எல்.டி.சி. உள்ளவர் கைத்துப்பாக்கியோடு இருக்கும்போது அதிகாரி அடையாள அட்டை கேட்டால், டிரைவர் லைசென்ஸ், எல்.டி.சி. இரண்டையும் காட்ட வேண்டும். அரசாங்கச் சட்டத் தொகுப்பில் 411.205-ஆம் பிரிவு. மீறினால் கிடைத்த தண்டனையை 2009-இல் எடுத்துவிட்டார்கள். விதி மட்டும் இன்றைக்கும் புத்தகத்தில் இருக்கிறது. ஆக, சார், நீங்கள் வாய் திறக்காமல் இரண்டு அட்டையை நீட்டியதே சட்டம் கேட்டதைச் செய்ததுதான். வீட்டில் சொல்லிவிடுங்கள்.

ஆனால் ரேஞ்சு நண்பருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எல்.டி.சி. அட்டையை நீங்கள் காட்டாமல் விட்டாலும் விஷயம் மறைவதில்லை. உங்கள் டிரைவர் லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பார்த்தால் எல்.டி.சி. இருப்பது கணினியில் வந்துவிடும். அப்போது அதிகாரி எங்கே இருப்பார்? தன் காரில். உங்களிடம் ஒருமுறை பேசிவிட்டு, சாதாரண ஆள் என்று நினைத்துத் திரும்பி நடந்து போயிருப்பார். அங்கே உட்கார்ந்த பிறகு திரையிலோ எங்கள் குரலிலோ தெரிந்துகொண்டு, 'இதை ஏன் அந்த ஆள் சொல்லவில்லை?' என்ற யோசனையோடு இரண்டாவது தடவை உங்கள் ஜன்னலுக்கு வருவார். அந்த இரண்டாவது நடை எனக்குப் பிடிக்காது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் ரேடியோவில் மூச்சு மாறுவது கேட்கும். டெக்சாஸில் லைசென்ஸ் உள்ளவர் நேரடியாகச் சொல்லிவிடுவதே நல்லது என்று நான் நினைப்பதற்கு முழுக் காரணமும் இதுதான்.

காஸ்டில் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, குமார். ஃபால்கன் ஹைட்ஸில், ஜூலை 6. செயின்ட் பாலில் ஒரு பள்ளியின் உணவகப் பொறுப்பாளர். லைசென்ஸ் வைத்திருந்தார். மினசோட்டா சட்டப்படி அதிகாரி கேட்டால்தான் சொல்ல வேண்டும். அவர் கேட்பதற்கு முன்பே சொன்னார். இன்ஷூரன்ஸ் அட்டையைக் கொடுத்துவிட்டு, தன்னிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொன்ன சில நொடிகளுக்குள் ஏழு குண்டுகள். பக்கத்து இருக்கையில் காதலி, பின்னிருக்கையில் அவளுடைய நான்கு வயதுக் குழந்தை. சுட்ட அதிகாரியை 2017-இல் ஜூரி விடுவித்துவிட்டது. காஸ்டில் தவறாக ஏதோ செய்தார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சட்டம் கேட்டதற்கு மேலேயே செய்தவர் அவர். கறுப்பினத்தவருக்கு அந்த ஜன்னலோரம் எவ்வளவு ஆபத்தானது என்பதும் அந்த ராத்திரியின் ஒரு பகுதி. நம் தோல் நிறமும் இருட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிவதில்லை.

இருந்தாலும் சொல்லாமல் இருப்பது பாதுகாப்பு என்று அதிலிருந்து எனக்குத் தோன்றவில்லை. "லைசென்ஸைக் காட்டுங்கள்" என்று கேட்டிருக்கிறார், துப்பாக்கி இருக்கிறது என்ற வார்த்தையும் வந்துவிட்டது, லைசென்ஸை எடுக்கும் கை எங்கே போகிறது என்பதில் அந்த அதிகாரி பதறிவிட்டார். ஆகவே நான் என் தம்பிக்குச் சொன்ன வரிசை இது. வண்டி நின்றதும் எஞ்சினை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் விரித்து வைத்துவிடு. அவர் வந்து பேசிய பிறகு லைசென்ஸில் ஆரம்பி: "ஆபீசர், என்னிடம் எல்.டி.சி. இருக்கிறது. ஆயுதம் வலது இடுப்பில் இருக்கிறது. பர்ஸ் இடது பாக்கெட்டில். எப்படி எடுக்கட்டும்?" பிறகு காத்திரு. அவர் சொல்லும்வரை ஒரு விரல்கூட நகரக் கூடாது. வாயும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யவே கூடாது.

பர்ஸ் எந்தப் பக்கம் என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். துப்பாக்கி வலது இடுப்பில், பர்ஸும் வலது பின்பாக்கெட்டில் என்றால், அட்டை எடுக்கப் போகும் கை எதற்குப் போகிறது என்று வெளியே நிற்பவருக்குத் தெரிய வழியே இல்லை. இன்றைக்கே பர்ஸை மாற்றுங்கள்.

அவர் துப்பாக்கியைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்ள நினைத்தால் டெக்சாஸ் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. உங்களால் ஆபத்து இல்லை என்று தெரிந்தால் அனுப்பும் முன் திருப்பித் தந்துவிட வேண்டும். ஆனால் நீங்களாக உருவிக் கொடுக்காதீர்கள், அவர் "கொடு" என்று சொன்னாலும் "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், நான் கையை அசைக்கவில்லை" என்று சொல்லுங்கள். காரை விட்டு இறங்கச் சொன்னால் இறங்குங்கள். 1977-இல் 'பென்சில்வேனியா எதிர் மிம்ஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது. சாலையோரம் அதைப் பற்றி விவாதம் வேண்டாம்.

லூசியானா வேறு கதை. டெக்சாஸ் லைசென்ஸ் அங்கே செல்லும். ஆனால் அங்கே லைசென்ஸ் உள்ளவர், அதிகாரி பணி நிமித்தமாக அணுகினாலே ஆயுதம் இருப்பதைத் தானாகத் தெரிவிக்க வேண்டும். அட்டை கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. மிஷிகன், வட கரோலினா, நியூ ஜெர்சி எல்லாம் இந்த ரகம். ஒஹாயோவும் இப்படித்தான் இருந்தது, 2022 ஜூனில் மாற்றி, கேட்டால் சொன்னால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். இல்லினாயும் கேட்டால்தான். நியூ ஜெர்சிக்கு டெக்சாஸ் லைசென்ஸ் செல்லவே செல்லாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். பயணத்துக்கு முன் அந்தந்த மாநிலத்தின் இன்றைய விதியைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். நான் எழுதியதை வைத்துக்கூடக் கிளம்பாதீர்கள்.

டல்லாஸ்_குமார்:

கணினியில் தெரியும்னு யோசிக்கலை. அது நியாயம். ஆனா ஒண்ணு, சொல்றது வேற, காரைச் சோதிக்க விடறது வேற. "ஆயுதம் இருக்கு"ன்னு சொன்ன உடனே "அப்ப காரைப் பார்த்துக்கலாமா?"ன்னு கேட்பாங்க. அங்க மக்கள் சரின்னு தலையாட்டிடறாங்க.

இரவு_ஷிஃப்ட்_அக்கா:

அதில் உங்கள் கட்சிதான் நான். "சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை, ஆபீசர்" என்று அமைதியாகச் சொல்லலாம். ஆபத்து என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் ஆயுதம் தேடிப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு, அப்போது தடுக்காதீர்கள். சம்மதிக்கவில்லை என்று சொன்ன வார்த்தை கேமராவில் பதிந்தால் போதும், மிச்சத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார். கேட்டால் பொய் மட்டும் சொல்ல வேண்டாம்.

லைசென்ஸ் எதற்கு என்று கேட்டீர்களே, அதற்கும் ஒரு பதில் உண்டு. பள்ளிகளைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று ஒரு கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. அந்த மாநிலமே கொடுத்த லைசென்ஸ் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. லைசென்ஸ் இல்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருக்குள் ஓட்டினால், பள்ளியைத் தாண்டாமல் எங்கே போவது?

மரவள்ளி:

எல்லோரும் ட்ரூப்பரைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கேள்வியின் கடைசி வரிதான் பகீரென்றது. நான் குடியேற்ற வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீல் ஆபீசில் உதவியாளர்.

கேட்டி சார், அண்ணன் மகன் எஃப்-1 (மாணவர்) விசாவா? அப்படியானால் அவன் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருக்கவே கூடாது. எஃப்-1, எச்-1பி (வேலை), எச்-4 (எச்-1பி-காரரின் குடும்பம்) என்று குடியேற்றமல்லாத விசாவில் இருக்கும் யாருக்கும் கூட்டாட்சிச் சட்டத்தின் 922(ஜி)(5) பிரிவு தடை போடுகிறது. முறையான வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, அவனுக்கு அது இருக்கும் என்று தோன்றவில்லை. தண்டனை 15 ஆண்டுச் சிறைவரை போகும். டெக்சாஸில் லைசென்ஸ் தேவையில்லை என்ற மாநிலச் சட்டம் இதைக் காப்பாற்றாது.

துப்பாக்கி தன் இடுப்பில் இல்லை, கிளவ் பாக்ஸில் சித்தப்பா வைத்தது என்று அவன் சொல்லலாம். ஆனால் அது அங்கே இருப்பது தெரிந்து, சாவியும் கையில் இருந்து, அவன் மட்டும் ஓட்டிப்போனால், வைத்திருந்ததாகவே வாதிட முடியும். அவனை போலீஸ் நிறுத்தினால் 'சொல்லலாமா, வேண்டாமா' என்ற கேள்வியே வேறு. சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சொல்லாமல் இருந்து அவர் கண்ணில் பட்டால் இன்னும் மோசம். அந்த நிலையில் ஒரு பிள்ளையை நிறுத்தவே கூடாது.

மனைவிக்கு கிரீன் கார்டா? கிரீன் கார்டு உள்ளவர் வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கிச் சட்டத்தில் ஒரு குற்றத் தீர்ப்பு வந்தாலே நாடுகடத்த அது காரணமாகிவிடும். குடிமகனுக்கு அபராதத்தோடு போவது கிரீன் கார்டுக்காரருக்கு ஊரையே இழப்பதாக முடியலாம்.

கேட்டி_கடைக்காரர்:

எஃப்-1 தான். இதைப் படித்துவிட்டு எழுந்து போய்க் காரிலிருந்து எடுத்துவிட்டேன், தோட்டாப் பெட்டி உட்பட. வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது, எண்ணை அவனுக்குச் சொல்லவில்லை. மனைவிக்கு கிரீன் கார்டுதான். இனி அது என் இடுப்பிலோ, வீட்டுப் பெட்டியிலோ மட்டும்தான்.

பர்ஸை இடது பக்கம் மாற்றியாகிவிட்டது. இன்ஷூரன்ஸ் காகிதம் இன்னும் கிளவ் பாக்ஸில்தான் இருக்கிறது, அதற்காகக் குனிந்து கை நீட்டுவதும் தப்பாகத் தெரியுமா?

இரவு_ஷிஃப்ட்_அக்கா:

தெரியும். டெக்சாஸில் இன்ஷூரன்ஸைப் போனிலேயே காட்டலாம், லூசியானாவிலும் ஒத்துக்கொள்கிறார்கள். போனை டேஷ்போர்டு ஸ்டாண்டில் வையுங்கள், அல்லது காகிதத்தை சன் வைசரில் செருகுங்கள். பேட்டன் ரூஜ் போகும்போது ஐ-10-இல் சபைன் ஆற்றுப் பாலம் ஏறியதுமே லூசியானா விதி. அதற்கு அப்புறம் யார் நிறுத்தினாலும், அவர் வந்து முதல் வார்த்தை பேசியதுமே சொல்லிவிடுங்கள். கை ஸ்டியரிங்கிலேயே இருக்கட்டும்.